கரைசலில் எந்த அயனி, எவ்வளவு? மின்னோட்ட–மின்னழுத்த வரைபடத்தைப் படிக்கும் முறை

கரைசலுக்குள் ஒரு மின்முனையை வைத்து, அதன் மின்னழுத்தத்தைச் சீராக எதிர்க்குறிப் பக்கம் நகர்த்திக்கொண்டே போகிறோம். ஒவ்வொரு மின்னழுத்தத்திலும் எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று பதிகிறோம். 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் கொஞ்சம் காட்மியம் அயனி இருக்கிறது, மின்னழுத்தம் மாறாமல் நிற்கும் நிறைவுற்ற காலோமெல் மின்முனையை ஒப்பீடாக வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். −0.5 வோல்ட் வரை கோடு ஏறத்தாழப் படுத்தே கிடக்கும். அதைத் தாண்டியதும் மேலேறும், −0.7 வோல்ட் அருகே மறுபடி மட்டமாகிவிடும். இந்தப் படியின் பாதி உயரம் −0.60 வோல்ட்டில் விழுகிறது. படியை ‘அலை’ என்றும் சொல்வதால், இதற்கு அரை-அலை மின்னழுத்தம் என்று பெயர். எந்த அயனி என்பதை அது காட்டும். எவ்வளவு என்பதைப் படியின் உயரம் காட்டும்.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும். ஆனால் −0.60 என்பது காட்மியத்துக்குப் பிறப்பிலேயே ஒட்டிய எண் கிடையாது. அதே காட்மியத்தை 1 மோலார் அம்மோனியா–அம்மோனியம் குளோரைடில் போட்டால் அலை −0.81 வோல்ட்டுக்குப் போய்விடும். உயரமும் அப்படித்தான்: வெப்பநிலை, கரைந்திருக்கும் காற்று, கரைசலில் எஞ்சிய சோப்பு என எல்லாமே அதில் கை வைக்கும். வரைபடத்தைப் படிக்கும் திறமையில் பெரும்பகுதி, கோடு வரையத் தொடங்குவதற்கு முன்பே கரைசலைத் தயார் செய்வதில் இருக்கிறது.

படி ஏன் மட்டமாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மின்னழுத்தம் போதிய அளவு எதிர்க்குறிப் பக்கம் சென்றதும், மின்முனையைத் தொடும் ஒவ்வொரு காட்மியம் அயனியும் அந்தக் கணமே ஒடுக்கமடைந்து, அதாவது எலக்ட்ரான்களை ஏற்று, உலோகமாகிவிடுகிறது. மேற்பரப்பில் அதன் செறிவு பூச்சியம். இனி எவ்வளவு இழுத்தாலும் மின்னோட்டம் கூடாது. கரைசலின் உட்பகுதியிலிருந்து அயனிகள் விரவி வந்து சேரும் வேகமே அதன் எல்லை. அந்த வேகம் செறிவுக்கு நேர்விகிதம் என்பதால்தான் உயரத்தை வைத்து அளவைக் கணக்கிட முடிகிறது.

இந்த நேர்விகிதம் நிற்க வேண்டுமானால், அயனிகள் விரவுதலால் மட்டுமே வர வேண்டும். மின்புலம் இழுத்து வருவதை நிறுத்துவதற்காகவே துணை மின்பகுளி சேர்க்கிறோம். அளக்கும் அயனியைப் போல 50 முதல் 100 மடங்கு செறிவில் பொட்டாசியம் குளோரைடு இருந்தால், கரைசலில் மின்சாரத்தைச் சுமக்கும் வேலை முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். கரைசல் கலங்கி அயனிகள் வந்து சேர்வதைத் தடுக்க, பதிவின்போது கலக்கியை நிறுத்திவிட வேண்டும். மேசையில் ஓடும் வெற்றிட பம்ப்பின் அதிர்வுகூட மட்டமான பகுதியில் நடுக்கமாகத் தெரியும்.

இந்த முறை 1922 பிப்ரவரியில் பிராகாவில் தொடங்கியது. யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி நுண்குழாயிலிருந்து சொட்டும் பாதரசத் துளியையே மின்முனையாக்கி, கால்வனோமீட்டரைப் பார்த்துப் புள்ளி புள்ளியாக வரைந்தார். சில ஆண்டுகளில் ஜப்பானியரான மசூசோ ஷிகாடாவுடன் சேர்ந்து, கோட்டைத் தானே வரையும் போலரோகிராஃப் கருவியையும் உருவாக்கினார். 1959-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பாதரசத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் சூட்சுமம். சில நொடிக்கு ஒருமுறை புதுத் துளி வருவதால் முந்தைய அளவீட்டின் அழுக்கு ஒட்டியிருக்காது. பாதரசத்தின் மேல் ஹைட்ரஜன் வெளிவருவது மிகக் கடினம் என்பதால், துத்தநாகம் போன்றவற்றையும் நீர் குறுக்கிடாமல் ஒடுக்க முடிகிறது. பல உலோகங்கள் அதிலேயே கரைந்து ரசக்கலவையாகவும் ஆகிவிடும்.

உயரத்துக்கும் செறிவுக்கும் உள்ள உறவைக் கணக்காக எழுதியவர் ஸ்லோவாக்கியரான டியோனீஸ் இல்கோவிச் (1934). சராசரி விரவல் மின்னோட்டத்தை மைக்ரோஆம்பியரில் பெற, 607-ஐ எலக்ட்ரான் எண்ணிக்கையால் பெருக்கி, விரவல் குணகத்தின் வர்க்கமூலம், நொடிக்குச் சொட்டும் பாதரச மில்லிகிராமின் 2/3 அடுக்கு, துளியின் ஆயுள் நொடிகளின் 1/6 அடுக்கு, மில்லிமோலாரில் செறிவு ஆகியவற்றால் பெருக்க வேண்டும். 1 மில்லிமோலார் காட்மியத்துக்கு எலக்ட்ரான் 2, விரவல் குணகம் நொடிக்கு 0.0000072 சதுர செ.மீ., நொடிக்கு 2 மி.கி. பாதரசம், துளிக்கு 4 நொடி ஆயுள் என்று போட்டால் சுமார் 6.5 மைக்ரோஆம்பியர் வரும். விரவல் குணகம் வெப்பத்தோடு கூடுவதால், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு உயரம் மாறும். காலையில் வரைந்த அளவுத்திருத்தக் கோட்டை (தெரிந்த செறிவுகளுக்கு எதிரே உயரத்தைக் குறித்த கோட்டை) வைத்து மதியம் வெயில் ஏறிய அறையில் மாதிரி ஓட்டினால், பிழை அங்கேயே புகுந்துவிடும்.

கிடைத்தது விரவல் மின்னோட்டம்தானா என்று சோதிக்க எளிய வழி உண்டு. நுண்குழாய்க்குப் பாதரசம் தரும் தொட்டியின் உயரத்தை மாற்றிப் பாருங்கள். படியின் உயரம் தொட்டி உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறினால் விரவல். அசையாமல் நின்றால் கரைசலில் நடக்கும் மெதுவான வேதிவினை ஒன்று வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. தொட்டி உயரத்துக்கே நேர்விகிதமாக ஏறினால், பொருள் பாதரசத்தின் மேல் படிந்து ஒட்டுகிறது என்று பொருள். படியின் செங்குத்துத்தன்மையும் தகவல் தரும். மீள்வினை (எலக்ட்ரான் இரு திசையிலும் தடையின்றி மாறும் வினை) என்றால், உயரத்தின் கால் பங்குக்கும் முக்கால் பங்குக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு 25 டிகிரி செல்சியஸில் ஓர் எலக்ட்ரானுக்கு 56 மில்லிவோல்ட், இரண்டு எலக்ட்ரானுக்கு 28. காட்மியத்துக்கு 28-க்குப் பதிலாக 45 வந்தால், மின்முனைக்கும் ஒப்பீட்டு மின்முனைக்கும் இடையிலான மின்தடையை முதலில் சந்தேகிக்கலாம்.

தொடக்கநிலையில் இருப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது ஆக்சிஜன். காற்றோடு தொடர்புள்ள நீரில் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8 மி.கி., அதாவது 0.25 மில்லிமோலார் ஆக்சிஜன் கரைந்திருக்கிறது. அது இரண்டு படிகளாக ஒடுங்கும்: −0.05 வோல்ட் அருகே ஹைட்ரஜன் பெராக்சைடாகவும், −0.9 அருகே நீராகவும். மொத்தம் நான்கு எலக்ட்ரான். ஆக்சிஜன் வேகமாக விரவக்கூடியது என்பதால், மேலே கணக்கிட்ட அதே துளியில் 5 மைக்ரோஆம்பியருக்கு மேல் தரும். 1 மில்லிமோலார் காட்மியத்தின் அலைக்கு அதிகம் சளைக்காத அளவு இது. காட்மியம், ஈயம், செம்பு மூன்றும் இந்த இரண்டு படிகளின் மேலேயே ஏறி உட்கார வேண்டியிருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஆக்சிஜன் ஒடுங்கும்போது மின்முனைக்கு அருகே காரத்தன்மை கூடுகிறது. பிஹெச் மாறாமல் தாங்கும் பஃபர் இல்லாத கரைசலில் அந்த மெல்லிய அடுக்கிலேயே உலோக ஹைட்ராக்சைடு படிந்து, அலை குறுகிவிடும்.

எனவே பதிவுக்கு முன் நைட்ரஜனை 5 முதல் 15 நிமிடம் குமிழிகளாகச் செலுத்த வேண்டும். அந்த வாயு முதலில் துணை மின்பகுளிக் கரைசல் உள்ள கழுவு குடுவை வழியாக வரட்டும். உலர்ந்த வாயு நேரடியாகப் போனால் மாதிரி ஆவியாகிச் செறிவு கூடிவிடும். பதிவு தொடங்கும்போது குமிழிகளை நிறுத்தி, வாயுவைக் கரைசலின் மேற்பரப்புக்கு மேல் ஓடவிட வேண்டும். முற்றாக மூடிவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஆக்சிஜன் திரும்ப வந்துவிடும். காரக் கரைசலில் மட்டும் சோடியம் சல்ஃபைட்டைச் சிறிது சேர்த்தும் ஆக்சிஜனைத் தீர்க்கலாம். அமிலத்தில் அதைச் சேர்க்கக் கூடாது. கந்தக டை ஆக்சைடு உண்டாகி, அதுவே ஓர் அலையைக் கொடுக்கும்.

சில வேளைகளில் படி மட்டமாவதற்கு முன் கூர்மையாகத் துள்ளி எழுந்து பிறகு விழும். அது அயனியின் அலை இல்லை. பாதரசத் துளியின் பரப்பில் நிகழும் சுழல் ஓட்டம் கரைசலைக் கலக்கிக் கூடுதல் அயனிகளைக் கொண்டுவருவதால் வருவது. 0.005 விழுக்காடு ஜெலட்டின் அல்லது 0.002 விழுக்காடு ட்ரைடான் எக்ஸ்-100 என்ற சோப்பு போன்ற பொருள் சேர்த்தால் அடங்கும். தாராளமாக ஊற்றிவிட்டால், படிந்த ஜெலட்டினே அயனிகளுக்குத் தடையாகி அலையையும் அமுக்கிவிடும்.

அலை இடம்பெயர்வது தொல்லையாகத் தோன்றினாலும், நல்ல பகுப்பாய்வாளர் அதையே கருவியாக்கிக்கொள்வார். பொட்டாசியம் குளோரைடில் ஈயத்தின் அரை-அலை −0.40, தாலியத்தின் அரை-அலை −0.46. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரே மங்கலான படிதான் தெரியும். அதே கலவையை 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் ஓட்டுங்கள். ஈயம் ஹைட்ராக்சைடோடு பிணைந்து அணைவு என்னும் சேர்மமாகி −0.76-க்கு ஓடிவிடும். அணைவில் ஆர்வமில்லாத தாலியம் −0.48-இலேயே நிற்கும். நடுவில் கிட்டத்தட்ட 0.3 வோல்ட் இடைவெளி. அமிலக் கரைசலில் தகரமும் ஈயமும் ஒன்றின்மேல் ஒன்று விழும் சிக்கலுக்கும் ஊடகத்தை மாற்றுவதே தீர்வு. அட்டவணையில் பார்த்த ஒரு மின்னழுத்தத்தை, எந்த ஊடகம், எந்த ஒப்பீட்டு மின்முனை என்று பார்க்காமல் எடுத்தாள்வது வீண். காலோமெல்லுக்கும் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கொண்ட வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனைக்கும் இடையிலேயே 35 மில்லிவோல்ட் அளவுக்கு வேறுபாடு உண்டு.

இனி எல்லை. துளி ஒவ்வொன்றும் வளரும்போது அதன் பரப்பை மின்னேற்றம் செய்யவே 0.1 மைக்ரோஆம்பியர் வரிசையில் மின்னோட்டம் போகிறது. இதில் வேதிவினை எதுவும் இல்லை. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 (2012) ஈயத்துக்கு விதிக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மி.கி. அதை மோலாரில் மாற்றினால் சுமார் 0.00005 மில்லிமோலார். காட்மியத்தின் 6.5 மைக்ரோஆம்பியர் அளவுகோலை வைத்துப் பார்த்தால் கிடைப்பது 0.0003 மைக்ரோஆம்பியர். மின்னேற்ற மின்னோட்டம் அதைப்போல 300 மடங்கு பெரியது. இதுவரை பார்த்த பழைய நேர்மின்னோட்டப் போலரோகிராபி 0.01 மில்லிமோலாருக்குக் கீழே திணறுவது இதனால்தான்.

இதைக் கடக்க இரண்டு வழிகள். முதல் வழி துடிப்பு முறை. மின்னழுத்தத்தில் 50 மில்லிவோல்ட் துடிப்பொன்றைக் கொடுத்து, அதற்குச் சற்று முன்னும் அது முடியும் தறுவாயிலும் மட்டும் மின்னோட்டத்தை அளக்கிறார்கள். மின்னேற்ற மின்னோட்டம் சில மில்லிநொடியில் செத்துவிடும். வேதிவினை மின்னோட்டம் மெதுவாகவே குறையும். இந்த இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை வரைந்தால், படிக்குப் பதிலாக முகடு கிடைக்கும். அடுத்தடுத்த இரண்டு அயனிகளைப் பிரித்துப் பார்க்க இதுவே வசதி.

இரண்டாவது, உலோகத்தை முதலில் மின்முனையில் சேர்த்துவைத்துப் பிறகு உரித்தெடுக்கும் முறை. குடிநீரில் ஈயம், காட்மியம் பார்க்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தொங்கும் பாதரசத் துளியில் ஓர் அளவீடு எப்படிப் போகும் என்று பார்ப்போம்.

மாதிரியை எடுக்கும்போதே நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பிஹெச் 2-க்குக் கொண்டுவந்திருப்பார்கள். இல்லையென்றால் ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாட்டில் பாலிஎத்திலீன், 10 விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவியது. கலத்தில் 10 மி.லி. மாதிரி, அதோடு 1.5 மோலார் பொட்டாசியம் குளோரைடும் 0.5 மோலார் சோடியம் அசிட்டேட்டும் கொண்ட கரைசல் 0.5 மி.லி. சேர்க்கிறோம். பிஹெச் 4.6 அருகே இருக்க வேண்டும். இங்கே ஒரு சின்னக் கணக்கு. சேர்த்த அசிட்டேட் 0.25 மில்லிமோல். பிஹெச் 2 மாதிரி 10 மி.லி.யில் உள்ள அமிலம் 0.1 மில்லிமோல். பஃபர் தாங்கிவிடும், பிஹெச் 4.9 அளவில் நிற்கும். ஆனால் அமிலத்தில் செரித்துவந்த (கரிமப் பொருளை அமிலத்தால் சிதைத்த) மாதிரி பிஹெச் 1-இல் இருந்தால் அமிலம் 1 மில்லிமோல், அசிட்டேட்டைப்போல நான்கு மடங்கு. துத்தநாக முகடு ஹைட்ரஜன் எழுச்சியில் மூழ்கிவிடும். அப்படிப்பட்ட மாதிரியைத் தூய அம்மோனியாவால் முன்கூட்டியே நடுநிலைக்கு அருகில் கொண்டுவர வேண்டும். பிஹெச் தாளைக் கலத்துக்குள் முக்கக் கூடாது; ஒரு சொட்டை வெளியே எடுத்துத் தாளில் விட வேண்டும்.

நைட்ரஜன் 5 நிமிடம். புதுத் துளியைத் தொங்கவிட்டு −1.15 வோல்ட்டில் வைத்து, கலக்கிக்கொண்டே 90 நொடி. துத்தநாகம், காட்மியம், ஈயம், செம்பு நான்கும் அந்தச் சிறு துளிக்குள் புகுந்து, கரைசலில் இருந்ததைவிட நூற்றுக்கணக்கான மடங்கு செறிவடையும். கலக்கியை நிறுத்தி 10 நொடி அமைதி. பிறகு மின்னழுத்தத்தை நேர்க்குறிப் பக்கமாக +0.05 வரை நகர்த்தியபடி துடிப்பு முறையில் பதிவு. வெள்ளி–வெள்ளி குளோரைடை ஒப்பீடாகக் கொண்டால், −1.0 அருகே துத்தநாகம், −0.56 அருகே காட்மியம், −0.38-இல் ஈயம், −0.1 பக்கம் செம்பு என ஒவ்வொன்றாக ஆக்சிஜனேற்றமடைந்து கரைசலுக்குத் திரும்பும்போது முகடுகள் எழும். கரைசலில் உள்ள உலோகத்தில் மிகச் சிறு பங்கே துளிக்குள் போவதால், அதே கலத்தில் திரும்பத் திரும்ப அளக்கலாம்.

அளவைக் கணக்கிட வெளியே வரைந்த அளவுத்திருத்தக் கோடு உதவாது. சேகரிப்பு நேரம், கலக்கும் வேகம், மாதிரியில் உள்ள கரிமப் பொருள் எல்லாம் முகட்டைத் தீர்மானிக்கின்றன. தெரிந்த அளவு ஈயத்தை மாதிரியிலேயே சேர்த்து அளப்பதுதான் வழி. எடுத்துக்காட்டாக, ஈய முகடு 42 நானோஆம்பியர். லிட்டருக்கு 1 மி.கி. ஈயம் கொண்ட கரைசல் 0.1 மி.லி. சேர்க்கிறோம்: 100 நானோகிராம். முகடு 111 ஆகிறது. இன்னொரு 0.1 மி.லி.க்குப் பிறகு 179. கன அளவு கூடுவதால் அப்படியே கழிக்கக் கூடாது. 42-ஐ 10.5-ஆலும், 111-ஐ 10.6-ஆலும் பெருக்கினால் 441, 1177. வித்தியாசம் 736, அது 100 நானோகிராமுக்கு. ஆகவே 441 என்பது 60 நானோகிராம். 10 மி.லி.யில் 60 என்றால் லிட்டருக்கு 6 மைக்ரோகிராம். இரண்டாவது சேர்ப்பு 179 × 10.7 = 1915; வித்தியாசம் 738. இரண்டு சரிவும் பொருந்துவதால் முடிவை நம்பலாம். சேர்க்கும் அளவு, முகட்டைக் குறைந்தது இரட்டிப்பாக்க வேண்டும். 42-ஐ 50 ஆக்கும் சேர்ப்பில் ஒரு நானோஆம்பியர் பிழையே விடையை எட்டில் ஒரு பங்கு நகர்த்திவிடும்.

இதிலிருந்து வெற்றுக் கரைசலின் (மாதிரி இல்லாமல் மற்ற எல்லாம் சேர்த்ததன்) முகட்டைக் கழித்தாக வேண்டும். சேர்த்த 0.5 மி.லி. பஃபரில் லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் ஈயம் மாசாக இருந்தால், 10 நானோகிராம் ஈயம் கலத்துக்குள் போய்விட்டது. விடை 6-க்குப் பதில் 5. சாதாரணத் தர நைட்ரிக் அமிலமும், மஞ்சள் நிறப் பிப்பெட் முனைகளும் அடிக்கடி கையும் களவுமாகப் பிடிபடும் குற்றவாளிகள்.

செம்பும் துத்தநாகமும் சேர்ந்திருக்கும் மாதிரியில் துத்தநாக விடையை எளிதில் நம்பிவிடக் கூடாது. துளிக்குள் இரண்டும் சேர்ந்து உலோகச் சேர்மமாகிவிடும். துத்தநாக முகடு சுருங்கும், செம்பின் முகடு வீங்கும். துத்தநாகம் சேர்த்துப் பார்த்தாலும், முதல் சேர்ப்பைச் செம்பு விழுங்கிவிடுவதால் சரிவு வளைந்து வரும். அந்த வளைவே எச்சரிக்கை. காலியம் அயனி சேர்த்தால் செம்பு அதைப் பிடித்துக்கொண்டு துத்தநாகத்தை விட்டுவிடும். அல்லது −0.8 வோல்ட்டில் சேகரித்துத் துத்தநாகம் உள்ளே வராமலே மற்ற மூன்றையும் முடித்துவிட்டு, மாதிரியை நீர்த்து, குறைந்த சேகரிப்பு நேரத்தில் துத்தநாகத்தைத் தனியாகப் பார்க்கலாம்.

கழிவுநீரில் முகடுகள் அகன்றும் குட்டையாகவும் வந்தால், சோப்பு, மக்கிய தாவரங்களிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் போன்றவை துளியைப் பூசிக்கொண்டிருக்கின்றன. அதைவிடக் கவலைக்குரியது, கரிமப் பொருளோடு இறுகக் கட்டுண்ட செம்பும் ஈயமும் முகட்டில் தெரியவே தெரியாது. 10 மி.லி.க்கு 50 மைக்ரோலிட்டர் 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து, 90 டிகிரியில் புறஊதா விளக்கின்கீழ் ஒரு மணி நேரம் வைத்தால் இரண்டு சிக்கலும் தீரும். பெராக்சைடு மிஞ்சியிருந்தால் −0.9 பக்கம் அடிக்கோடு (முகடுகளுக்கு அடித்தளமான கோடு) எழும். இன்னும் சிறிது நேரம் விளக்கில் வைக்க வேண்டும். செரிக்காமல் அளந்தால் கிடைப்பது எளிதில் வினைபுரியும் பகுதி மட்டுமே. அறிக்கையில் அதை 'மொத்த ஈயம்' என்று எழுதுவது தவறு. கடல்நீர் ஆய்வாளர்கள் இரண்டையும் தனித்தனியே அளந்து, உயிர்களுக்கு எட்டக்கூடிய பங்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அவர்களுக்கு உப்பு ஒரு தொல்லையும் இல்லை. நிறமாலைக் கருவிகளைத் திணறவைக்கும் அதே உப்பு இங்கே இலவசத் துணை மின்பகுளி.

முகடுகள் இடம் மாறினால் எல்லாம் சேர்ந்து நகர்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே பக்கம் 40 மில்லிவோல்ட் நகர்ந்திருந்தால் ஒப்பீட்டு மின்முனையில்தான் கோளாறு: உள் கரைசல் வற்றியிருக்கும், அல்லது முனையின் நுண்துளை அடைத்திருக்கும். ஒன்று மட்டும் நகர்ந்திருந்தால் மாதிரியில் அணைவு சேர்க்கும் ஏதோ இருக்கிறது. கோடு முழுவதும் இரைச்சலாக இருந்தால் நுண்குழாயில் காற்றுக் குமிழ், தளர்ந்த இணைப்பு என்று போக வேண்டும். மென்பொருள் தானாக வரையும் அடிக்கோட்டையும் கண்ணால் பார்க்காமல் ஏற்கக் கூடாது. காட்மியத்தின் வால் ஈயத்தின் அடியில் நீளும்போது அது தவறான புள்ளியைப் பிடித்து, ஈயத்தின் உயரத்தைக் குறைத்துக் காட்டும்.

பாதரசத்தின் நச்சுத்தன்மையால் அதன் பயன்பாடு குறைந்துவருகிறது; 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையும் பாதரசத்தின் மீதான கட்டுப்பாடுகளை இறுக்கியது. 2000-இல் மின்வேதியியலாளர் ஜோசஃப் வாங்கின் குழு அறிமுகப்படுத்திய பிஸ்மத் படல மின்முனை இன்று பரவலான மாற்று. 0.05 மைக்ரோமீட்டர் அலுமினாவால் மெருகேற்றிய கண்ணாடிக் கார்பன் மின்முனையை எடுத்து, மாதிரியிலேயே லிட்டருக்குச் சில நூறு மைக்ரோகிராம் பிஸ்மத் சேர்த்தால், சேகரிப்பின்போது பிஸ்மத்தும் ஈயமும் ஒன்றாகவே படியும். ஈயம், காட்மியம், துத்தநாகம் மூன்றுக்கும் முகடுகள் பாதரசத்துக்கு இணையாகவே வரும். செம்பு மட்டும் சிக்கல்: பிஸ்மத்தே −0.2 வோல்ட் அருகே கரையத் தொடங்கிவிடுவதால், செம்பின் முகடு அதன் அடியில் மறைந்துபோகும். நான்கு உலோகமும் ஒரே ஓட்டத்தில் வேண்டும் என்பவர்கள் இன்னும் பாதரசத் துளியையே வைத்திருக்கிறார்கள். அவர்கள் கருவியை விளிம்புள்ள தட்டின் மேல் வைத்து, பயன்படுத்திய பாதரசத்தை நீருக்கு அடியில், மூடிய பாட்டிலில் சேர்த்து, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். கழுவு தொட்டியில் ஒரு துளிகூட விழக் கூடாது.